மகளின் சிறுநீரகக் கட்டிக்கான கிளைம் மறுக்கப்பட்டது குறித்துப் புகார்

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், மருத்துவக் காப்பீட்டுப் பிரிவு

ஐயா,

என் மகளின் கிளைமை "பரம்பரை நோய், பாலிசியில் சேராது" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியில் இரண்டு தவறு.

அவளுக்கு இருப்பது டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ். 2019-இல் பாலிசி எடுத்தபோதே விண்ணப்பத்தில் அந்தப் பெயரை எழுதிக் கொடுத்தேன். "இது டிபியா சார்?" என்று உங்கள் ஏஜென்ட் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. டிபி இல்லை, உடலுறுப்புகளில் கட்டிகள் வளரவைக்கும் மரபணுக் கோளாறு. எனக்கும் அது இல்லை, அவள் அம்மாவுக்கும் இல்லை. இந்த நோய் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு இப்படிப் புதிதாகத்தான் வருகிறது. சரி, பரம்பரை என்றே வைத்துக்கொள்வோம். மரபணு நோயைக் காரணம் காட்டி விலக்கும் விதி மருத்துவ பாலிசியில் இருக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது.

கடந்த மார்ச்சில் ஒரு நள்ளிரவு, விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். சிறுநீர் சிவப்பாகப் போனது. இடது சிறுநீரகத்தில் 6 செ.மீ. கட்டி உடைந்து உள்ளே ரத்தம் கசிவதாக ஸ்கேனில் தெரிந்தது. ஆஞ்சியோமையோலிப்போமா என்பார்கள், கொழுப்பும் தசையும் ரத்தக் குழாயும் கலந்த கட்டி. புற்றுநோய் அல்ல. ஆனால் அதன் குழாய்கள் வலுவற்றவை, 4 செ.மீ. தாண்டினாலே உடையும் பயம் கூடிவிடும். தொடை வழியாகக் குழாய் செலுத்தி, கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைத்தார்கள். ஐந்து நாள், 2,64,000 ரூபாய்.

விசாரணைக்கு வந்த உங்கள் ஆள், "கிட்னியை எடுத்திருந்தா ஒரேயடியா முடிஞ்சிருக்குமே" என்றார். இரண்டு சிறுநீரகத்திலுமே சிறிதும் பெரிதுமாகக் கட்டிகள் இருக்கின்றன. இன்று இதை எடுத்துவிட்டு, நாளை மற்றதில் ரத்தம் கசிந்தால் எதை எடுப்பது? முடிந்தவரை சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதுதான் இந்த நோய்க்கு வைத்தியம். அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். முடிவெடுக்கும் உங்கள் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம், மற்ற கட்டிகள் சுருங்க எவரோலிமஸ் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவாக அந்த பில்லும் வரும். சில புற்றுநோய்களுக்கும் அதையே கொடுப்பார்கள் என்பதால், "புற்றுநோயை மறைத்தீர்கள்" என்று இன்னொரு கடிதம் போட வேண்டாம்.

முழுத் தொகையையும் வழங்குங்கள். மறுப்பதானால் பாலிசியின் எந்த விதிப்படி என்று எண்ணோடு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் தீர்வு இல்லையென்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போவேன். 2019 விண்ணப்பத்தின் நகல், ஸ்கேன் அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
பாலிசிதாரர், மதுரை