பேரனுக்கு ஒரு மரக்குழல்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்கு எம்பிபிஎஸ் சீட் கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். தங்கச்சியின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அதை எழுதாமல் விட்டுவிட்டாயே.

சரி, நீ பரிசாக வாங்க நினைக்கும் மர ஸ்டெதாஸ்கோப் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டெதாஸ்கோப்பை முதலில் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லென்னெக்கின் கருவிதானா அது என்று கேட்டிருந்தாய். ஒரு முனை புனலாக விரிந்து, மறுமுனை தட்டையாக, சாண் நீளம்கூட இல்லாமல் இருக்கிறது என்றால் அது லென்னெக்கின் கருவியாக இருக்க வாய்ப்பில்லை. பினார் என்ற பிரெஞ்சு மகப்பேறு மருத்துவர் 1895-இல் கொண்டுவந்த குழல் போலத் தெரிகிறது. வயிற்றுக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்பதற்கானது அது. கடைக்காரர் சொல்லும் விலைக்கு அவசரப்பட்டுத் தலையாட்டாதே!

லென்னெக்கின் குழல் ஏறக்குறைய ஓரடி நீள உருளை. 1816-இல் பாரிஸ் நெக்கர் மருத்துவமனைக்கு இதயக் கோளாறோடு ஓர் இளம்பெண் வந்தாள். அவள் மார்பில் காதை வைத்துக் கேட்க லென்னெக்குக்குக் கூச்சம். பருமனான உடம்பு என்பதால் விரலால் தட்டிப் பார்த்தும் பயனில்லை. காகிதத்தை இறுக்கிச் சுருட்டி வைத்துக் கேட்டார். நேரடியாகக் காது வைப்பதைவிடத் தெளிவாகவே கேட்டது. பிறகு மரத்தில் தானே கடைந்துகொண்டார். புல்லாங்குழல் வாசிப்பவர் வேறு, கை சும்மா இருக்குமா?

அந்த உருளையில் எனக்குப் பிடித்தது அதன் அடைப்பான். மூச்சொலி கேட்க அதைக் கழற்றிவிட வேண்டும். இதயத்தையும் குரலையும் கேட்க மாட்ட வேண்டும். டிபியால் நுரையீரலில் குழி விழுந்தவரைப் பேசச் சொன்னால், நெஞ்சே பேசுவதுபோல் குரல் குழல் வழியாக நேரே காதுக்கு வருமாம். ஆனால் கேட்டதோடு அவர் நிற்கவில்லை. நோயாளி இறந்தால் பிரேதப் பரிசோதனை செய்து, எந்த ஒலிக்கு உள்ளே என்ன பழுது என்று ஒப்பிட்டுப் பார்த்தார். 1819-இல் வந்த அவருடைய நூலுக்கு மதிப்பு அதனால்தான். குழலை மட்டும் யார் வேண்டுமானாலும் கடைந்திருக்கலாம் என்பேன். கடைசியில் 1826-இல் அவரையே டிபி கொண்டுபோனது, 45 வயதில். அவர் மார்பிலும் அதே குழலை வைத்துக் கேட்டவர் அவருடைய உறவுக்காரரான ஒரு டாக்டர்தான்.

நம் பையனுக்கு இரண்டு காதிலும் மாட்டும் நல்ல ஸ்டெதாஸ்கோப்பாக வாங்கிக் கொடு, தினமும் உதவும். மரக்குழல் மேல் ஆசை விடவில்லை என்றால் பினாரையும் வாங்கு, ஆனால் பினார் விலைக்கே வாங்கு. பொங்கல் கழித்து அங்கே வருகிறேன். அதற்குள் எந்த காலேஜ் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்