சாய்ந்து விழுந்த பூனை மரம்: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை 600081.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
செல்லப்பிராணிப் பொருள்கள் விற்பனைப் பிரிவு.

பொருள்: தங்களிடம் வாங்கிய நான்கு தட்டுப் பூனை மரம் (பூனை ஏறுவதற்காகக் கம்பங்களில் தட்டுகள் பொருத்திய தாங்கி) ஒன்பதாம் நாளில் சாய்ந்தது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் தெருவில் இரவும் பகலும் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஓடுவதாலும், தெரு நாய்களின் தொல்லையாலும், எங்கள் பூனையை வீட்டுக்குள்ளேயே வளர்த்து வருகிறோம். வெளியே விடாத பூனைக்கு ஏறவும் நகம் கீறவும் ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தான் தங்கள் இணையதளத்தில் 5,499 ரூபாய் செலுத்தி இந்தப் பூனை மரத்தை வாங்கினேன். அது கடந்த மாதம் 2ஆம் தேதி வந்து சேர்ந்தது.

11ஆம் தேதி இரவு, உச்சித் தட்டில் இருந்த பூனை ஜன்னல் பக்கம் தாவிய வேகத்தில் மரம் அப்படியே சாய்ந்தது. பாய் விரித்துப் படுத்திருந்த என் தாயாரின் தலைமாட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி அது விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை என்பது தற்செயலே தவிர, தங்கள் தயாரிப்பின் தரத்தால் அல்ல.

மறுநாளே புகார் பதிவு செய்தேன். ஒவ்வொரு தட்டும் 6 கிலோ தாங்கும் என்று விளம்பரத்திலேயே குறிப்பிட்டிருக்கிறோம் என்று தங்கள் வாடிக்கையாளர் சேவையிலிருந்து பதில் வந்தது. எங்கள் பூனையின் எடை நாலரைக் கிலோ. ஆனால் தட்டு உடையவில்லையே, மரம்தானே சாய்ந்தது! அசையாமல் உட்கார்ந்திருக்கும் எடையைத் தாங்குவது வேறு, பூனை காலை உதைத்துப் பக்கவாட்டில் தாவும்போது நிலைத்து நிற்பது வேறு. 138 சென்டிமீட்டர் உயரமுள்ள மரத்துக்கு அடிப்பலகை நீளத்திலும் அகலத்திலும் 40 சென்டிமீட்டர்தான். மொத்த எடையும் எட்டுக் கிலோவைத் தாண்டவில்லை. உயரத்தைக் கொட்டை எழுத்தில் போட்ட தாங்கள், அடிப்பலகையின் அளவை விளம்பரத்தில் எந்த இடத்திலும் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் நான் வாங்கியிருக்கவே மாட்டேன்.

சுவரில் திருகாணி போட்டு இறுக்கிக்கொள்ளுமாறும் அதே பதிலில் அறிவுரை கூறியிருந்தீர்கள். அதற்கான பட்டையோ திருகாணியோ பெட்டியில் இல்லை. நாங்கள் இருப்பது வாடகை வீடு. காலண்டர் மாட்ட ஆணி அடிப்பதற்கே வீட்டு உரிமையாளரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. சுவரில் பொருத்தினால்தான் நிற்கும் என்றால், அதை வாங்குவதற்கு முன்பே தெரிவித்திருக்க வேண்டும்.

சாய்ந்ததோடு குறை முடியவில்லை. பூனை நகம் கீறுவது குறும்புக்காக அல்ல. நகத்தின் மேல் உறையை உதிர்க்கவும், தன் வாசனையைப் பதிக்கவும், உடலை முறுக்கி நீட்டவும் அது கீறுகிறது. அதற்குப் பின்னங்காலில் நின்று முன்னங்கால்களை முழுக்க நீட்டும் அளவுக்கு, ஏறக்குறைய 80 சென்டிமீட்டராவது தடையில்லாத கம்பம் தேவை. தங்கள் மரத்தில் இரண்டு தட்டுகளுக்கு இடையில் 35 சென்டிமீட்டர் கம்பம்தான் இருக்கிறது. பூனை எம்பினால் தலை தட்டில் இடிக்கிறது. கம்பத்தில் சுற்றியிருப்பது சிசல் கயிறு, அதாவது கற்றாழை போன்ற செடியின் நாரில் திரித்த கயிறு, என்று எழுதியிருந்தீர்கள். பிரிந்து தொங்கிய நுனியை நனைத்துப் பார்த்தேன், கூழாகிவிட்டது. நாராக இருந்தால் இப்படி ஆகாது, இது காகிதத்தை முறுக்கிய கயிறு. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் பக்கத்தில் இருக்கும் எங்களிடம் கயிற்றைப் பற்றிப் பொய் சொல்வது கடினம். மேலும், கீழ்த்தட்டில் தொங்கவிட்டிருந்த பந்தின் நூலைப் பூனை கடித்து அறுத்துவிட்டது. நூலை விழுங்கினால் குடல் சுருண்டு உயிருக்கே ஆபத்தாகும் என்பதால் மீதியை நானே வெட்டி எறிந்தேன்.

பொருள் வந்து ஏழு நாள் கடந்துவிட்டதால் திரும்பப் பெற இயலாது என்று கூறி, அடுத்த முறை வாங்கும்போது கழித்துக்கொள்ள 200 ரூபாய்க் கூப்பனை அனுப்பியிருக்கிறீர்கள். அந்தக் கூப்பன் எனக்கு வேண்டாம். குறைபாடுள்ள பொருளையும், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020 கூறுகின்றன. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளது. எனக்கு முதல் பதில் வரவே ஐந்து நாள் ஆனது. இன்றோடு புகார் அளித்து 33 நாள் ஆகிறது.

ஆகவே, முழுத் தொகையான 5,499 ரூபாயை நான் செலுத்திய வங்கிக் கணக்குக்கே திருப்பி அனுப்புமாறும், தங்கள் செலவில் மரத்தை எடுத்துச் செல்லுமாறும், இனி வாங்குவோர் பார்க்கும்படி அடிப்பலகை அளவையும் கயிற்றின் உண்மையான வகையையும் விளம்பரத்தில் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். பதினைந்து நாளுக்குள் இவை நடக்காவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன்.

மரத்தைப் பிரித்துக் கட்டி வைத்திருக்கிறேன். பூனை இப்போது பீரோவின் மேல்தான் உறங்குகிறது. எடுக்க வருபவர் மாலை ஆறு மணிக்கு மேல் வந்தால் வீட்டில் ஆள் இருக்கும். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. ஆனால் அந்த எடைக்கு ஓர் ஆளே போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: ரசீது நகல், சாய்ந்த மரத்தின் படங்கள் நான்கு, கயிற்றுத் துண்டு ஒன்று.