அதிகாலை மூன்று மணியைப் புதியவர்களுக்குக் கொடுங்கள்

பெர்லின் கிளப்புகளின் டெக்னோ (இயந்திரத் தாளத்தில் ஓடும் எலெக்ட்ரானிக் நடன இசை) இரவுகளில் யார் எந்த நேரத்தில் வாசிப்பது என்று பட்டியல் போடும் நண்பர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் ஒரு கிளப்புக்கு (பெயர் வேண்டாம்) இரவு பதினொன்றுக்கே போய்விட்டேன். முதல் செட் (ஒரு டிஜே இடைவிடாமல் வாசிக்கும் பகுதி) ஓர் இளம்பெண்ணுடையது. தளத்தில் எண்ணி ஒன்பது பேர். தாளத்தைத் தாங்கும் கிக் டிரம்மைச் சட்டென்று எடுத்துவிட்டு, இரும்புக் கதவு தரையில் உரசுகிற மாதிரி ஒரு சத்தத்தை மட்டும் ரொம்ப நேரம் ஓடவிட்டார், கிக் திரும்ப வந்து விழுந்தபோது எனக்கு உடம்பே ஒரு முறை குலுங்கியது. இறங்கியதும் அது என்ன ட்ராக் என்று கேட்டேன். இன்னும் பெயர் வைக்கவில்லை, வியாழக்கிழமைதான் முடித்தேன் என்றார்.

மூன்று மணிக்குத் தளம் நிரம்பி வழிந்தது. அப்போது நீங்கள் வைத்தது 'கிளாசிக்ஸ்' செட். 1992, 1994, 1996-இல் வந்த ட்ராக்குகள். அடுத்து என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, தாளம் நின்று திரும்பும் பிரேக் வருவதற்கு முன்பே கைகள் மேலே போய்விட்டன.

அந்த ட்ராக்குகள் எனக்கும் உயிர்தான். பாதிக்கு மேல் வீட்டில் வினைலாகவே இருக்கின்றன. ஆனால் அவை எப்படிப் பிறந்தன என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கிதார்காரர்களுக்குத் துணையாக பேஸ் ஒலிக்கட்டும் என்று ரோலண்ட் நிறுவனம் செய்த டிபி-303 என்ற சின்ன எலெக்ட்ரானிக் கருவி சரியாக விற்காமல் 1984-இல் நின்றுபோனது. அதை மலிவாக செகண்ட் ஹேண்டில் வாங்கிய சிகாகோ பையன்கள், குமிழ்களைத் திருகித் திருகி, அதுவரை யாரும் கேட்டிராத ஆசிட் என்ற ஒலியைக் கொண்டுவந்தார்கள். பெர்லின் சுவர் விழுந்து ஒன்றரை வருடம்கூட ஆகாத 1991 மார்ச்சில், வெர்ட்ஹைம் என்ற பெரிய பல்பொருள் கடையின் பழைய பாதாளப் பெட்டக அறையில் டிரெசோர் கிளப் திறந்தபோது, துருப்பிடித்த லாக்கர்களுக்கு நடுவே ஆடியவர்கள் ஏக்கத்தோடு பழசைத் தேடி வரவில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட்டிலிருந்து வந்த டெக்னோ கலைஞர்கள் மைக் பேங்க்ஸ், ஜெஃப் மில்ஸ், ராபர்ட் ஹூட் மூவரும் எக்ஸ்-101 என்ற பெயரில் செய்ததுதான் அதே வருடம் டிரெசோர் கிளப்பின் இசைத்தட்டு லேபிளின் முதல் வெளியீடு. அன்றைக்கு அது சுடச்சுடப் புதுசு. அன்று பட்டியல் போட்டவர்கள் இன்றைய உங்களைப் போல யோசித்திருந்தால் அந்த அறையில் 1970-களின் டிஸ்கோதான் ஓடியிருக்கும்.

2024-இல் பெர்லின் டெக்னோவை ஜெர்மனியின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் சேர்த்தாயிற்று. எனக்கும் சந்தோஷம்தான், கூடவே ஒரு பயமும். பட்டியலில் ஏறிய பொருளை யாரும் தொட்டு மாற்ற மாட்டார்கள்.

பழைய பெயர் இருந்தால்தான் டிக்கெட் போகிறது என்பீர்கள். சரி, வாடகை ஏறுகிறது, புரிகிறது. ஜெஃப் மில்ஸையே கூப்பிடுங்கள், ஆனால் முப்பது வருடத்துக்கு முந்தையதை வாசிக்கச் சொல்லாதீர்கள், அவர் புதுசாகச் செய்துகொண்டேதான் இருக்கிறார். அப்புறம் அந்தப் பெண்ணை மறுபடி அழைத்தால் மூன்று மணிக்கு அழையுங்கள். கிளாசிக்ஸைப் பதினொன்றுக்கு வையுங்கள். என் வயதுக்காரர்கள் சீக்கிரமே வந்து நிற்போம், அந்தப் பெண் மேடை ஏறும்வரை இருப்போம்.