ஆறரை மணி நேரமா, ஒன்றரை மணி நேரமா?

அன்புள்ள சேகர்,

உன் பையன் பார்த்து வைத்திருக்கும் சென்னை-சிங்கப்பூர் விமான டிக்கெட்டின் படம் வந்தது. அதன் கீழே நீ எழுதியிருந்ததைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். "வரும்போது ஆறரை மணி நேரம், திரும்பும்போது ஒன்றரை மணி நேரம் போட்டிருக்கு. உங்க ஊரு என்ன மேட்டிலயா இருக்கு?" ஒரே கணக்கு வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள்தானே நாம்!

டிக்கெட்டில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். இங்கே உங்களைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ராத்திரி 11:30க்கு ஏறினால் காலை 6 மணிக்கு இங்கே சாங்கி விமான நிலையத்தில் இறங்குவாய். உன் கைக்கடிகாரத்தில் அப்போது மூன்றரைதான் ஆகியிருக்கும். திரும்பும்போது அதே இரண்டரையைக் கூட்டிக்கொள். ஆக, இரண்டு பக்கமும் சுமார் நாலு மணி நேரம். காற்றைப் பொறுத்து பத்து இருபது நிமிடம் முன்னே பின்னே ஆகலாம்.

அப்பாவுக்கு அந்த அரை மணி கடைசிவரை பிடிபடவில்லை. 1982 ஜனவரி 1 அன்று மலேசியத் தீபகற்பம் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியபோது சிங்கப்பூரும் கூடவே தள்ளியது. அதற்கு முன் நமக்குள் வித்தியாசம் சரியாக இரண்டு மணி நேரம். ஊருக்கு போன் போடும் முன் அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து இரண்டு விரலை மடக்குவார். "அரையையும் கழிங்கப்பா" என்று நான் அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பேன். பாதி விரலை எப்படி மடக்குவது என்று கேட்பார். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பினாங்கு தொட்டு, ஒரு வாரம் போல மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த மனுஷர். அவருக்கு அரை மணி எல்லாம் ஒரு கணக்கா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சென்னை டிக்கெட் வேண்டாம், திருச்சியிலேயே ஏறு. வரைபடத்தில் திருச்சி தெற்கே இருப்பதால் இங்கிருந்து பக்கம் என்று நினைப்போம். உண்மையில் சென்னைதான் கொஞ்சம் கிட்டே: 2,900 கிலோமீட்டர் சொச்சம். திருச்சி 3,000ஐத் தொடப் பார்க்கும். சென்னை கிழக்கே தள்ளி இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் விமானத்தில் அந்தத் தூரம் ஐந்து பத்து நிமிடம். தஞ்சாவூரிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குக் காரில் ஒரு மணி நேரம் போதும். சென்னை என்றால் ராத்திரி முழுக்க ரயில். ஆயிரம் ரூபாய் குறைகிறது என்று பையன் சொன்னால், உன் முழங்கால் என்ன விலை என்று கேள்.

அப்புறம், வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். வந்து சேரும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள்தான் அனுப்ப முடியும். அதைப் பையனிடம் விட்டுவிடு.

நான் வாசலில் நிற்பேன். அங் மோ கியோவில் எங்கள் புளோக்கின் கீழேயே காப்பிக்கடை இருக்கிறது. குளித்துவிட்டு இறங்கினால் சுடச்சுட ரொட்டி பரோட்டா. உன் வயிறு அதிகாலை ஐந்து மணி என்று முரண்டு பிடிக்கும், கண்டுகொள்ளாதே.

தங்கச்சியிடம் சொல்லி வெங்காய வடகம் அரை கிலோ கட்டி எடுத்து வா. போன தடவை வந்தவர் மறந்துவிட்டார்.

அன்புடன்,
உன் ராஜு