சோனம் போஸ்ட்டில் மருத்துவம் இருந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சியாச்சின் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 2016 பிப்ரவரி 3ஆம் தேதி அங்கே சோனம் போஸ்ட் என்ற இராணுவக் காவல் நிலையில் பனிச்சரிவில் புதைந்த பத்துப் பேரையும் மறக்காமல் பெயர் போட்டதற்கு நன்றி. அதில் நாலு பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஹவில்தார் ஏழுமலை எங்கள் வேலூர் மாவட்டத்துக்காரர். ஆனால் நடுவில், "அந்த உயரத்தில் மருத்துவம் என்று சொல்ல எதுவும் கிடையாது, ஹெலிகாப்டருக்குக் காத்திருப்பதுதான் வழி" என்று ஒரு வரி. அதற்குப் பிறகு படித்தது எதுவும் மனதில் ஏறவில்லை.

நீங்கள் பெயர் போட்ட பத்துப் பேரில் ஒருவர் மகாராஷ்டிராவின் சத்தாரா மாவட்டத்து சுனில் சூர்யவன்ஷி. அவர் நர்சிங் அசிஸ்டென்ட். 19,600 அடி உயரத்தில் அவர் எதற்காக இருந்தார் என்று எழுதியவர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

நானும் அதே வேலை பார்த்தவன். 1998 குளிர்காலத்தில் எங்கள் போஸ்ட்டில் ஒரு சின்னப் பையனுக்கு ராத்திரி இருமல் பிடித்தது. நெஞ்சில் காது வைத்தேன், உள்ளே தண்ணீர் கொறகொறவென்றது. எச்சிலில் ரோஸ் நிற நுரை. ஹேப்போ. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் மலை நோய். ஊசி மருந்து உறைந்துவிடக் கூடாதென்று ஆம்ப்யூல்களை எப்போதும் அக்குளில் வைத்திருப்பேன். ஊசியைப் போட்டு, ஆளை ஹேப்போ பை என்கிற, ஆள் படுக்கிற அளவு காற்றடைக்கும் பையில் படுக்கவைத்து ஜிப்பை மூடினோம். உள்ளே அழுத்தம் ஏறினால் அவனைச் சில ஆயிரம் அடி கீழே இறக்கினதற்குச் சமம். ஆனால் காலால் பம்ப்பை மிதித்துக்கொண்டே இருக்கவேண்டும். நிறுத்தினால் உள்ளே நல்ல காற்று போகாது. நாலு பேர் மாற்றி மாற்றி விடிய விடிய மிதித்தோம். பையில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாக டார்ச் அடித்து அவன் உதட்டு நிறத்தைப் பார்த்தபடி, ரேடியோவில் எம்.ஓ. சாபிடம் (மருத்துவ அதிகாரியிடம்) சொல்லிக்கொண்டிருந்தேன். காலையில் சீட்டா ஹெலிகாப்டர் வந்தபோது அவன் உயிரோடு இருந்தான். இதற்கு உங்கள் கட்டுரையாளர் என்ன பெயர் வைப்பார்?

சியாச்சினில் குண்டடியைவிடக் குளிரும் உயரமும்தான் அதிகம் பேரைக் கொன்றன என்பது தாங்கள் அறியாததல்ல. 1962 சீனப் போரில் சமவெளியில் இருந்த படைகளை அவசர அவசரமாக மலைக்கு ஏற்றினார்கள். உயரத்தில் வரும் இந்த ஹேப்போவை நிமோனியா என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். நம் இராணுவ மருத்துவர்கள் மலை நோய் கண்ட 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட கட்டுரை உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது. இன்று மேலே போகிறவனை முதலில் ஆறு நாள், அடுத்த உயரத்தில் நாலு நாள், அதற்கும் மேலே நாலு நாள் என்று நிறுத்தி நிறுத்தி ஏற்றுகிறார்களே, அந்தக் கணக்கே ஒரு மருத்துவம்தான். செத்தவர்களிடமிருந்து கற்றுக்கொண்டது.

குடியரசு தினத்துக்குக் குடியரசு தினம் பீரங்கிப் படம் போடுகிறீர்கள். ஸ்ட்ரெச்சர் படம் ஒன்றுகூடப் போட்டதாக எனக்கு நினைவில்லை. ஊரில் என்னை "மிலிட்டரி கம்பவுண்டர்" என்கிறார்கள், அது தெரியாமல் சொல்வது. ஓய்வு பெற்று வந்து ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை கேட்டபோது, என் சர்டிபிகேட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "வார்டு பாய் வேலைதான் இருக்கு, சேர்றீங்களா?" என்றார்கள். 17 வருட சர்வீஸ். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் இன்றுவரை சொன்னதில்லை. உங்கள் கட்டுரையைப் படித்த அன்று அதே மாதிரி இருந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் அந்தப் பத்துப் பெயர்களை மறுபடி வெளியிட வேண்டாம், இடமிருக்காது என்று தெரியும். சூர்யவன்ஷி பெயரை மட்டும் போட்டு, பக்கத்தில் "நர்சிங் அசிஸ்டென்ட்" என்று சேர்த்து, ஒரு வரித் திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார், இராணுவ மருத்துவப் படை,
வேலூர் மாவட்டம்.