வண்டியைக் குறை சொல்லவில்லை, பிளக்கைத்தான் கேட்கிறோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

நகருக்குள் சரக்கு கொண்டுபோகும் மின்சார வேன்களைப் பற்றி உங்கள் இதழில் போன வாரம் வந்த கட்டுரையை, கடையில் லோடு இறங்கும் வரை வண்டியில் உட்கார்ந்தே இரண்டு தடவை படித்தேன். எல்லாம் சரி, ஒரு இடத்தில் மட்டும் மனசு கேட்கவில்லை. பழகிய வண்டியை விட ஓட்டுநர்களுக்கு மனமில்லை, அதனால்தான் மின்சார வண்டி மெதுவாகப் பரவுகிறது என்கிற மாதிரி எழுதியிருந்தீர்கள். நான் சென்னையில் 22 வருஷமாக லோடு ஓட்டுகிறேன். கடைசி இரண்டு வருஷம் ஒரு நிறுவனத்தின் மின்சார வேன்.

முதலில் உடம்பைச் சொல்கிறேன். நான் முன்பு ஓட்டிய டீசல் வண்டியில் எஞ்சின் சீட்டுக்கு அடியில்தான். மே மாதம் மத்தியானம் மின்ட் தெருவில் மாட்டிக்கொண்டால் கீழே அடுப்பு, மேலே வெயில். துண்டை நான்காக மடித்துப் போட்டு அதன்மேல் உட்காருவேன். அரை கிலோமீட்டர் நகர முக்கால் மணி நேரம், அத்தனை நேரமும் இடது கால் கிளட்சில். ராத்திரி முட்டிக்குத் தைலம் தேய்க்காமல் படுத்ததில்லை. இப்போது கிளட்சும் இல்லை, கியரும் இல்லை. முதல் ஒரு வாரம் இடது கால் தானாகக் கிளட்சைத் தேடிக்கொண்டிருந்தது, அப்புறம் அதுவும் மறந்துவிட்டது. எங்கள் டிப்போவில் 14 பேர் ஓட்டுகிறோம். மறுபடி டீசல் வண்டி தருகிறோம் என்றால் ஒருவரும் கை தூக்க மாட்டார்கள்.

சத்தம் இல்லாததுதான் ஆரம்பத்தில் தொல்லையாக இருந்தது. கோயம்பேட்டில் தலையில் மூட்டையோடு போகிறவர் டீசல் வண்டி என்றால் உறுமலுக்கே ஒதுங்குவார். இப்போது பின்னால் வண்டி வருவதே அவருக்குத் தெரியாது. ஹாரன் அடித்தால் “ஏன்யா காதுல வந்து அடிக்கிற” என்று திட்டு. அதனால் ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே போகிறேன், பழைய பஸ் கண்டக்டர் மாதிரி.

காகிதத்தில் 150 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்று போட்டிருக்கிறார்கள். லோடோடு நின்று நின்று போனால் எனக்கு 100 கிடைக்கிறது. கத்திபாரா மேம்பாலம் ஏறும்போது மீட்டரில் எண் விழுவதைப் பார்த்து ஆரம்பத்தில் வயிறு கலங்கும். இறங்கும்போது கொஞ்சம் திரும்பி வரும். என் ஒரு நாள் ஓட்டம் 70 கிலோமீட்டர்தான். போதும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சில ஓட்டுநர்களுக்கு இந்த வண்டி பிடிக்காததற்குக் காரணம் டீசல் பில். பங்கில் நூறோ இருநூறோ மிச்சம் பிடித்து அன்றைய டீக்கும் சாப்பாட்டுக்கும் பார்த்துக்கொள்வது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், முதலாளிக்கும் தெரியும். மின்சார வண்டியில் அது இல்லை. கூடவே வண்டி எங்கே நிற்கிறது, பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று சூப்பர்வைசர் போனிலேயே பார்க்கிறார். நிழலில் பத்து நிமிஷம் கண் அசந்தால் போன் வரும். எங்கள் டிப்போவில் சண்டை போட்டு தினப்படியை உயர்த்தி வாங்கினோம். அதற்குப் பிறகு இந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

இதெல்லாம் என்னைப் போல் சம்பளத்துக்கு ஓட்டுகிறவன் கதை. சொந்த வண்டிக்காரர் கதை வேறு. கட்டுரையில் இரண்டு பேரையும் ஒரே கூடையில் போட்டுவிட்டீர்கள். எனக்கு டிப்போவில் சார்ஜ் போட இடம் இருக்கிறது. மாலை வண்டியை விட்டால் காலையில் நிறைந்திருக்கும். கடன் யார் பெயரில் என்று நான் கவலைப்பட வேண்டியதில்லை. என் மச்சானுக்கு வருவோம். வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு வீடு, மூன்றாவது மாடி. டீசல் லோடு வண்டி, தெருவில் நிறுத்துகிறான். ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர் ஓட்டம், 5 லிட்டர் டீசல், அவன் கணக்குப் போட்டபோது இருந்த 92 ரூபாய் வீதம் 460 ரூபாய். அதே ஓட்டத்துக்கு மின்சாரம் 17 யூனிட், யூனிட்டுக்கு 10 ரூபாய் என்றே வைத்தாலும் 170. மாதம் 25 நாளைக்கு 7,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். இந்தக் கணக்கை அவன்தான் எனக்குப் போட்டுக் காட்டினான். மாற்றத்துக்குப் பயப்படுகிறவன் போடுகிற கணக்கா இது?

2025 ஜூனில் வந்த டாடா ஏஸ் ப்ரோ என்கிற சிறு லோடு வண்டியில் பெட்ரோல் வண்டி 3.99 லட்சம், மின்சார வண்டி 6.50 லட்சம் என்று விலை வைத்தார்கள். வித்தியாசம் இரண்டரை லட்சம், மூன்று வருஷத்தில் கழிந்துவிடும் என்றான். பைனான்ஸ்காரர் பிடிகொடுக்கவில்லை. ஐந்து வருஷம் கழித்து இந்த வண்டியை யார் வாங்குவார் என்று கேட்டு, முன்பணத்தைக் கூட்டிச் சொன்னார். மின்சார வண்டி வாங்க மானியம் தரும் மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டம் 2024 அக்டோபரில் வந்தபோது மூன்று சக்கர வண்டிக்கு மானியம் இருந்தது, பெரிய லாரிக்கும் இருந்தது. நடுவில் நிற்கும் நான்கு சக்கரச் சிறு லோடு வண்டிக்கு இல்லை. பணத்தை எப்படியாவது புரட்டிவிடலாம் மாமா, வயரை எங்கே செருகுவது என்றான் மச்சான்.

மூன்றாவது மாடியிலிருந்து தெருவுக்கு வயர் இறக்க முடியாது. இறக்கினாலும் வண்டி மட்டுமே இரண்டு மாதத்துக்கு 850 யூனிட் குடிக்கும், 500-ஐத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறிவிடும். ஷோரூமில் கேட்டதற்கு போனில் ஒரு வரைபடத்தைக் காட்டினார்கள், சார்ஜ் போடும் இடம் என்று ஊர் முழுக்கப் பச்சைப் புள்ளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வேனை அனுமதி கேட்டு எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் மூன்று புள்ளிகளுக்குப் போனோம். முதல் இடத்தில் மெஷின் திரை கறுப்பாக இருந்தது. இரண்டாவதில் சார்ஜ் போடும் இடத்தை மறித்து ஒரு பெட்ரோல் கார், ஓட்டி வந்தவர் சாப்பிடப் போயிருந்தார். மூன்றாவது ஒரு வணிக வளாகத்தின் அடித்தளத்தில். நுழைவாயிலில் தொங்கிய இரும்புக் கம்பி, வேனின் பெட்டியைவிட ஒரு சாண் தாழ்வு. செக்யூரிட்டி வெளியே வந்து, “இது காருக்குங்க” என்றார். மச்சான் அன்றோடு பேச்சை விட்டுவிட்டான்.

மழைக்குப் பயப்படுகிறோம் என்றும் எழுதியிருந்தீர்கள். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கைக்கே வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்தினார்களே, அந்த வாரம் நான் வேன் ஓட்டினேன். சக்கரத்தில் பாதி மூழ்கிய தண்ணீரில் போய் வந்தேன், ஒன்றும் ஆகவில்லை. அடைத்துக்கொள்ள சைலன்சரே இல்லையே. ஆனால் தண்ணீர் தேங்கியதும் ஈ.பி.யில் கரன்ட்டை நிறுத்திவிட்டார்கள், டிப்போவில் ஒன்றரை நாள் சார்ஜ் இல்லை. அந்த ஒன்றரை நாளும் டீசல் வண்டிக்காரர்கள் பால், மருந்து என்று ஓடிச் சம்பாதித்தார்கள்.

சலுகைகளில் பர்மிட் விலக்கைப் பெரிதாகச் சொல்லியிருந்தீர்கள். 2018-இல் மின்சார வண்டிக்கு அந்த விலக்கு வந்தது உண்மை. ஆனால் வண்டியும் லோடும் சேர்ந்து மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி எப்போதுமே பர்மிட் தேவையில்லை. நாங்கள் ஓட்டுவது அந்த அளவு வண்டிதான். எங்களுக்கு உதவுகிற சலுகை வேறு. டெல்லியில் 2021-இலேயே மின்சாரச் சிறு லோடு வண்டிகளுக்கு, சரக்கு வண்டி நுழையக் கூடாத நோ என்ட்ரி நேரத்திலிருந்து விலக்கு தந்தார்கள். இங்கே அப்படிச் செய்தால் காலை நெரிசல் நேரத்தில் ஒரு டிரிப் கூடும். சொந்த வண்டிக்காரருக்கு ஒரு டிரிப் என்றால் அன்றைய வீட்டுச் செலவு.

இன்னொன்று எடை. மின்சாரச் சிறு வண்டிகள் சிலவற்றுக்கு 600 கிலோதான் லோடு. 20 லிட்டர் தண்ணீர் கேன் என்றால் 30. டீசல் வண்டியில் 60 கேன் அடுக்கிப் போவதை நீங்களே தெருவில் பார்த்திருப்பீர்கள். சட்டப்படி தப்புதான். ஆனால் அந்தக் கணக்கில்தான் டிரிப் வாடகையே பேசுகிறார்கள். 30 கேனுக்கு வாடகை பேசப் பழக வேண்டியவர் கடைக்காரர்.

மாநகராட்சிக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். லோடு வண்டிகள் ராத்திரி வரிசையாக நிற்கும் தெருக்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அங்கே விளக்குக் கம்பத்தோரம் மீட்டர் வைத்த 15 ஆம்பியர் பிளக் கொடுத்தால் போதும். வேக சார்ஜர் வேண்டாம், ராத்திரி முழுக்க வண்டி அங்கேதானே நிற்கப் போகிறது. காசு கட்டித்தான் போடுவோம்.

கடிதம் எழுதுகிறேன் என்றதும் மச்சான் ஒரு வரி சேர்க்கச் சொன்னான்: “பிளக் வச்சா, அதுக்கு முன்னால யாரும் காரை நிறுத்தாம பார்த்துக்க ஒரு ஆளையும் போடச் சொல்லி எழுதுங்க மாமா.”

இப்படிக்கு,
லோடு வேன் ஓட்டுநர் ஒருவர்,
கொளத்தூர், சென்னை.