விடுதி மாணவர் உதவியாளர் பணியிடத்தை நிரப்பக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்:
பழங்குடியினர் கல்லூரி மாணவியர் விடுதி மாணவிகள்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலர் அவர்கள்.

பார்வை: ஜூன், ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில் நாங்கள் அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் விடுதியில் ஒப்பந்தத்தில் இருந்த மாணவர் உதவியாளர் அக்காவை மே மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். அந்த இடம் இன்றுவரை காலியாகவே இருக்கிறது. மூன்று மனுவுக்கும் ரசீது கொடுத்தார்கள், பதில் வரவில்லை.

1. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கான வருமானச் சான்று, ஆதார் வங்கி இணைப்பு எல்லாம் அக்காதான் பார்த்தார். எங்கள் சாதிச் சான்றைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும் என்பது தாங்கள் அறிந்ததே. அது தெரியாமல் தாலுகா ஆபீசில் நிற்கும் பெற்றோரைக் கூட்டிப்போய்ச் சரியான இடத்தில் சேர்த்தவர் அவர்.

2. வீட்டில் இருளர் மொழியும் பணியர் மொழியும் பேசி வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆங்கில வழிப் பாடத்தை இரவில் உட்கார்ந்து புரியவைத்தார்.

3. ஐயா, இதையாவது முழுதாகப் படியுங்கள். என் அறைத் தோழி இரண்டாம் ஆண்டு படித்தாள். செப்டம்பரில் பாட்டி இறந்து ஊருக்குப் போனாள். அவள் பதி, அதாவது அவளுடைய மலைக் குடியிருப்பு, தங்களுக்குத் தெரியும். சோதனைச்சாவடி தாண்டிக் கடைசி பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் நடை. ஆறு மணிக்கு மேல் யானைக்குப் பயந்து யாரும் இறங்க மாட்டார்கள். டவர் கிடையாது. அந்த பஸ் நிற்கும் இடத்து டீக்கடை நம்பரை அக்கா ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார். எங்கள் 38 பேருக்கும் அப்படி ஒரு நம்பர் உண்டு, பக்கத்தில் சிவப்பு மையில் "காலை 8க்கு முன் கூப்பிடு", "சந்தை நாளில் அப்பா இங்கே வருவார்" என்று குறிப்பும் உண்டு. முந்தின வருடம் இதே தோழி பத்து நாள் வராதபோது, அக்கா நேரில் நடந்து போய் அவள் அம்மாவிடம் பேசிக் கூட்டிவந்தார். இந்த முறை யார் போவது? வார்டன் அம்மா ஒருவராக இரண்டு விடுதியைப் பார்க்கிறார். வருகைப்பதிவு 75 சதவீதம் இல்லை என்று அவளைத் தேர்வு எழுத விடவில்லை. இப்போது காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் போகிறாள். அவள் தகரப்பெட்டி என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது, அதற்கு நன்றி. அதை வாங்க அவள் கல்லூரியில் இருக்க வேண்டாமா ஐயா?

4. முதலில் நிதி இல்லை என்றார்கள். பிறகு ஃபைல் மேலே போயிருக்கிறது என்றார்கள். யார் மேசையில் என்று கேட்டால் பதில் இல்லை. தமிழ்நாட்டில் மிகவும் நலிந்தவை என்று அரசே பிரித்துவைத்த 6 பழங்குடிகளில் இருளரும் பணியரும் உண்டு. அப்படிப் பிரித்தது எதற்காக? ஒரு ஆளைப் போட எத்தனை மாதம் வேண்டும்?

5. அக்காவையே திரும்ப அனுப்புங்கள். முடியாவிட்டால் எங்கள் மக்களில் படித்த ஒருவரைப் போடுங்கள். பதினோரு மாத ஒப்பந்தம் மட்டும் வேண்டாம். மலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்காரச் சொல்லும் அளவுக்குப் பழகவே ஒரு வருடம் ஆகும்.

கைகூப்பிக் கேட்கிறோம் ஐயா. இந்தப் பருவத் தேர்வுக்கு முன் ஆள் வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போன முதலாண்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் இன்னும் திரும்பவில்லை. அக்கா போகும்போது நீள நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு நம்பரையும் மூன்று நாளாகக் கூப்பிடுகிறேன், யாரும் எடுக்கவில்லை.

இப்படிக்கு,
விடுதி மாணவிகள் சார்பில், மூன்றாம் ஆண்டு வரலாறு மாணவி.

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் ரசீது நகல்கள், 35 கையெழுத்துகள்.